எல்ஆர்டி நிலையத்துக்கு எதிரே வீடு: வாங்கலாமா?

தேன்மொழி_72
திங்கள், இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். நானும் கணவரும் சிங்கப்பூரின் பொங்கோலில் மறுவிற்பனை வீவக வீடு (அரசு அடுக்குமாடி வீடு) தேடிக்கொண்டிருக்கிறோம். அலைந்து திரிந்து கடைசியில் இரண்டு வீடு மனதில் நிற்கிறது.

ஒன்று, கடலூர் எல்ஆர்டி (ஊருக்குள் சுற்றும் குட்டி ரயில்) நிலையத்துக்கு நேர் எதிரே, நாலாவது மாடி. கீழே இறங்கினால் நிலையம். ஆனால் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

இன்னொன்று கொஞ்சம் உள்ளே தள்ளி, பதினோராவது மாடி. முகவர் கணக்குப்படி கடலூர் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. விலை சற்றுக் குறைவு.

எங்களோடு மாமியாரும் இருக்கப்போகிறார். முட்டி வலி, அதனால் நடை ஒரு பிரச்சினை. முகவர் “நிலையத்துக்குப் பக்கம், விலை இறங்கவே இறங்காது” என்கிறார். கணவர் “ராத்திரி தூங்க வேண்டாமா?” என்கிறார். அங்கே குடியிருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு சந்தேகம். பொங்கோல் மேற்கில் நிலையம் கட்டிப் பல வருடம் பூட்டியே வைத்திருந்தார்களாமே? நிலையம் வந்தால் சுற்றுப்புறம் தானாக வளர்ந்துவிடும் என்பதை எந்த அளவுக்கு நம்பலாம்?


கடலூர்வாசி
திங்கள், இரவு 10.51

நான் அந்த வரிசையில்தான் இருக்கிறேன், அஞ்சாவது மாடி. ரயில் சத்தம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ரப்பர் சக்கரம், சிமெண்ட் பாதை. இரும்புச் சக்கரம் கிறீச்சிடும் சத்தமெல்லாம் கிடையாது. ஒரு ‘உம்ம்’ என்ற இரைச்சல் வரும், பாதையின் இணைப்புகள் மேல் ஏறும்போது டக் டக் என்று இரண்டு தட்டு, அவ்வளவுதான். கீழே சாலையில் பேருந்து கிளம்புகிற சத்தம் அதைவிட மோசம்.

யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது, வெளிச்சம். இருட்டிய பிறகு ஒவ்வொரு ரயிலும் போகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெளிச்சம் என் அறைக் கூரையில் ஒரு பட்டையாக ஓடும். நல்ல கனமான திரை போட்டால் சரியாகிவிடும். ஆனால் திரையை எப்போதும் இழுத்தே வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் காலையில் ரயிலில் நிற்கிறவர்களுக்கு வீட்டு வரவேற்பறை நன்றாகவே தெரியும். நாலாவது மாடி கிட்டத்தட்ட பாதையின் மட்டம். பார்த்து முடிவு செய்யுங்கள்.


மணி_புக்கிட்பாஞ்சாங்
திங்கள், இரவு 11.34

கடலூர்வாசி தம்பி சொல்வதைப் படித்தால் சிரிப்பு வருகிறது. உங்கள் பக்கம் பாதைக்கும் புளோக்குக்கும் (அடுக்குமாடிக் கட்டடத்துக்கும்) நடுவில் சாலை, மரம், புல்தரை எல்லாம் இருக்கிறது. எங்கள் புக்கிட் பாஞ்சாங் வந்து பாருங்கள்!

சிங்கப்பூரின் முதல் எல்ஆர்டி எங்களுடையது. 1999 நவம்பரில் திறந்தபோது 14 நிலையம். அதற்கு முன்னாலேயே ஊர் கட்டி முடிந்து, ஆள் குடியேறி, மரமெல்லாம் வளர்ந்திருந்தது. அப்புறம்தான் ரயிலுக்கு இடம் தேடினார்கள். கிடைத்த சந்தில் எல்லாம் பாதையை நுழைத்தார்கள். அதனால்தான் வளைவுக்கு மேல் வளைவு, ஏற்றம், இறக்கம். காவ் பூன் வான் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது அவரே ரோலர் கோஸ்டரோடு ஒப்பிட்டுப் பேசினார். நாங்கள் அதைத் தினமும் நின்றுகொண்டே அனுபவிக்கிறோம்.

புளோக் பக்கமாகப் போகும்போது பெட்டிக் கண்ணாடி தானாக வெளுத்துப் புகை மூட்டம் போல ஆகிவிடும். அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கக் கூடாதாம். முதல் தடவை ஏறும் சுற்றுலாப் பயணிகள் கண்ணாடி கெட்டுவிட்டது என்று நினைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள். பழகிவிட்டால் கண்ணாடி வெளுப்பதை வைத்தே எந்த இடம் வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

என் கருத்து, ஊர் முதலில் வந்து ரயில் பின்னால் வந்தால் இதுதான் கதி.


ரயில்_ரசிகன்
செவ்வாய், காலை 7.05

மணி அண்ணன் சொன்னதுதான் இந்த இழையின் முக்கியமான விஷயம். புக்கிட் பாஞ்சாங்கில் ஊர் முன்னால், ரயில் பின்னால். பக்கத்து ஊரான செங்காங்கிலும் பொங்கோலிலும் அதைத் தலைகீழாகச் செய்தார்கள். வரைபடத்திலேயே பாதைக்கு இடம் ஒதுக்கி, சாலை நடுவிலும் ஓரத்திலும் தூணை நட்டுவிட்டு, அதைச் சுற்றி வீடு கட்டினார்கள். அதனால் ஜன்னல் பிரச்சினை குறைவு. ஆனால் வேறு பிரச்சினை வந்தது. ரயில் வந்துவிட்டது, ஆள் வரவில்லை.

தேன்மொழி கேட்ட பூட்டிய நிலையங்கள் பற்றி:

செங்காங் கிழக்கு வட்டம் (ரயில் சுற்றிவரும் பாதை) திறந்தது 2003 ஜனவரி, மேற்கு வட்டம் 2005 ஜனவரி. மேற்கில் ஃபார்ம்வே 2007இல்தான் திறந்தது, செங் லிம் 2013இல், குப்பாங் 2015இல். பொங்கோல் கிழக்கு வட்டம் 2005இல் ஓடத் தொடங்கியது, அதில் ஓயசிஸ் நிலையம் 2007 வரை காத்திருந்தது. பொங்கோல் மேற்கு வட்டம் 2014 ஜூனில்தான் ஓடத் தொடங்கியது. அப்போது திறந்தவை நிபோங், சுமாங், சூ டெக் மட்டும். சாம் கீயும் பொங்கோல் பாயிண்டும் 2016, சமுத்ரா 2017. கடைசியில் டெக் லீ, 2024 ஆகஸ்ட்.

டெக் லீயை நான் பல தடவை கடந்து போயிருக்கிறேன். ரயில் வேகம் குறையும், ஆனால் நிற்காது. நடைமேடை சுத்தமாக இருக்கும், பெயர்ப் பலகை இருக்கும், மனித வாடையே இருக்காது. வெளியே புதர். புதிதாக ஏறிய குழந்தைகள் “ஏன் நிற்கவில்லை?” என்று கேட்பதும் அம்மா அப்பா பதில் தெரியாமல் விழிப்பதும் வாடிக்கை. சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகமும் பொங்கோல் மின்னிலக்க வட்டாரமும் எழுந்த பிறகுதான் அதன் கதவு திறந்தது.


வரிப்பணம்
செவ்வாய், காலை 8.40

> ஆள் வரவில்லை

அதைத்தான் கேட்கிறேன். பத்து வருடம் ரயில் நிற்காமல் போகும் நிலையத்தைக் கட்டியது யார் காசில்? சூப்பரான திட்டமிடல் என்று எல்லாரும் பாராட்டுகிறோம். 2005இல் புவாங்கோக் எம்ஆர்டி (நகரத்துக்குப் போகும் பெரிய ரயில்) நிலையம் ஞாபகம் இருக்கிறதா? நிலையத்தைக் கட்டித் திறக்காமல் வைத்திருந்தபோது யாரோ அட்டையில் வெள்ளை யானைகளைச் செய்து, வீண் செலவு என்று கிண்டலாக வெளியே நட்டு வைத்தார்கள். அடுத்த வருடம் ஜனவரியில் நிலையம் திறந்துவிட்டது. மக்கள் கேட்டால்தான் நடக்கிறது.

இரண்டு இணைப்புப் பேருந்து விட்டிருந்தால் போதும். ஆள் கூடினால் பேருந்தைக் கூட்டலாம், குறைந்தால் குறைக்கலாம். தூணைக் குறைக்க முடியுமா?


ரயில்_ரசிகன்
செவ்வாய், நண்பகல் 12.15

வரிப்பணம் சார், நியாயமான கேள்வி. ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். ‘பொங்கோல் 21’ என்ற புதுநகர்த் திட்டத்தை அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் அறிவித்தது 1996இல். அடுத்த வருடமே ஆசிய நிதி நெருக்கடி. வீட்டுக்குத் தேவை சரிந்தது, கட்டுமானம் தேங்கியது. 2007இல்தான் ‘பொங்கோல் 21 பிளஸ்’ என்று மறுபடி உயிர் கொடுத்தார்கள். நிலையம் போட்டது பத்து வருடம் காலியாக இருக்கட்டும் என்று அல்ல. ஆள் வந்துவிடுவார்கள் என்ற கணக்கு தப்பிப்போனது.

இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் பாதையில் பின்னால் ஒரு நிலையத்தைச் செருகுவது லேசுப்பட்ட வேலை அல்ல. நள்ளிரவுக்குப் பிறகு ரயில் நின்றதும் ஆரம்பித்து விடியற்காலை முதல் ரயிலுக்கு முன்னால் சாமானை எல்லாம் எடுத்துவிட வேண்டும். கையில் கிடைப்பது சில மணி நேரம். அதற்குப் பதில் பாதையோடு சேர்த்து நிலையத்தின் எலும்புக்கூட்டைக் கட்டி வைத்துவிட்டு, மின்தூக்கி, விளக்கு, துப்புரவு என்று தினசரிச் செலவை மட்டும் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம்தான்.

பேருந்து பற்றிச் சொன்னதை நான் முழுசாக மறுக்கவில்லை. அரசாங்கமே அப்புறம் புதிய ஊர்களுக்கு எல்ஆர்டி கட்டுவதை விட்டுவிட்டதே. தெங்கா என்ற புது ஊருக்கு ஜூரோங் வட்டார ரயில் பாதைதான் வருகிறது. அது எம்ஆர்டி வகை.


அனு_தெங்கா
செவ்வாய், மாலை 6.48

தெங்கா என்று பார்த்ததும் எட்டிப் பார்த்தேன். 😀 இங்கே முதல் குடும்பங்கள் 2023இலேயே சாவி வாங்கிக் குடியேறிவிட்டன. ரயில் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கார் அதிகம் தேவைப்படாத ஊர் என்று சொல்லித்தான் திட்டம் போட்டார்கள், ஆனால் ரயில் இல்லாத காலத்தில் பேருந்துதான் எல்லாம். காலையில் பேருந்து நிறுத்தத்தில் வரிசையைப் பார்த்தால் வரிப்பணம் ஐயா ‘இரண்டு பேருந்து போதும்’ என்பதைத் திரும்ப யோசிப்பார்.

ஜன்னலுக்கு வெளியே ரயில் பாதைத் தூண்களைப் பார்த்துக்கொண்டே பேருந்துக்கு நிற்பது தனி அனுபவம். பூட்டிய நிலையம் என்கிறீர்கள், எனக்கு அதுவாவது இருந்தால் நாளைக்குத் திறக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்திருக்கும்.


வரிப்பணம்
செவ்வாய், இரவு 7.30

அனு, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அது பேருந்து பத்தவில்லை என்பதற்குச் சாட்சி, பேருந்து சரிப்படாது என்பதற்கு அல்ல. ரயில் வந்தால் ஊர் வளரும் என்கிறவர்கள் ‘டென் மைல் ஜங்ஷன்’ என்ன ஆனது என்று மணியைக் கேளுங்கள்.


மணி_புக்கிட்பாஞ்சாங்
செவ்வாய், இரவு 9.02

கேட்டுவிட்டீர்கள், சொல்லாமல் இருக்க முடியுமா?

டென் மைல் ஜங்ஷன் நிலையம் ஒரு கடைத்தொகுதிக்குள்ளேயே இருந்தது. ரயிலை விட்டு இறங்கினால் கடை. இன்றைக்கு எல்லா ஊரிலும் ‘ஒருங்கிணைந்த மையம்’ என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதை 1999லேயே செய்தார்கள். ஆனால் அந்த மூலையில் குடியிருப்பவர்கள் குறைவு. பேருந்து மாறவோ எம்ஆர்டி மாறவோ அங்கே போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கடைகளில் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லாததால் நல்ல கடை வரவில்லை, நல்ல கடை இல்லாததால் கூட்டம் வரவில்லை. 2019 ஜனவரியில் நிலையத்தையே நிரந்தரமாக மூடிவிட்டார்கள். சிங்கப்பூரில் இப்படி மூடப்பட்ட முதல் நிலையம் அதுதான்.

அதே ஊரில் புக்கிட் பாஞ்சாங் நிலையத்தைப் பாருங்கள். 2015 கடைசியில் டவுன்டவுன் எம்ஆர்டி பாதை வந்து சேர்ந்தது. 2016 கடைசியில் புதிய பேருந்து முனையமும் 2017இல் ஹில்லியன் கடைத்தொகுதியும் வந்தன. எல்ஆர்டி, எம்ஆர்டி, பேருந்து மூன்றும் ஒரே இடத்தில் மாறலாம். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் அங்கே நடக்க இடம் இல்லை. ரெண்டு நிலையத்தையும் கட்டியது ஒரே கூட்டம்தான், காலமும் ஒன்றுதான். ஒன்றில் ஈ ஓட்டினார்கள், இன்னொன்றில் கால் வைக்க முடியவில்லை.

ஆக, கடையை மேலே கட்டினால் மட்டும் போதாது. ஆள் அந்த வழியாகப் போக ஒரு காரணம் வேண்டும்.


சுபாங்_செல்வா
செவ்வாய், இரவு 9.55

மலேசியாவிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் எல்ஆர்டி உங்களுடையது போல ஊருக்குள் சுற்றும் குட்டி ரயில் அல்ல, நகரத்துக்கே போகும் பெரிய ரயில். 2016இல் பூச்சோங் வழியாகவும் சுபாங் ஜெயா வழியாகவும் புத்ரா ஹைட்ஸ் வரை நீட்டினார்கள். ரயில் நன்றாகத்தான் ஓடுகிறது. பிரச்சினை இறங்கிய பிறகு. சில நிலையங்களில் படியிறங்கினால் முன்னால் நெடுஞ்சாலை, பின்னால் கார் நிறுத்துமிடம். எதிரே தெரிகிற கடைக்கு நடந்து போகச் சுற்றோ சுற்று. அதனால் நிலையத்துக்கே காரில் போகிறோம்! உங்கள் ஊரில் கூரை போட்ட நடைபாதை நிலையத்திலிருந்து புளோக் வாசல் வரை வருகிறதே, அதன் அருமை அங்கேயே இருப்பவர்களுக்குத் தெரியாது.


கடலூர்வாசி
செவ்வாய், இரவு 10.10

செல்வா சொன்னது நூற்றுக்கு நூறு. மழை நாளில் அந்தக் கூரைதான் சாமி. தேன்மொழி, வீடு பார்க்கப் போகும்போது முகவரின் காரில் போகாதீர்கள். நிலையத்தில் இறங்கி வீட்டு வாசல் வரை கூரை விட்டுப்போகாமல் இருக்கிறதா, எத்தனை இடத்தில் சாலையைக் கடக்கிறீர்கள், எங்கே படிக்கட்டு, எங்கே சரிவுப் பாதை என்று பாருங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள்.

காலை நேரக் கூட்டத்தையும் யாரும் சொல்லவில்லை. பொங்கோல் எம்ஆர்டியை நெருங்க நெருங்க ரயில் நிரம்பிக்கொண்டே வரும். வட்டத்தின் நடுவில் ஏறுகிறவர்களுக்கு இடம் கிடைக்கும், கடைசி ஒன்றிரண்டு நிலையத்தில் நிற்கிறவர்கள் கதவு திறந்ததும் உள்ளே பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான். அங்கே இருப்பவர்கள் பலர் நடந்தே எம்ஆர்டிக்குப் போய்விடுகிறார்கள். கடலூர் நடுவில் இருப்பதால் தப்பித்தோம்.


ரயில்_ரசிகன்
புதன், காலை 7.20

கூட்டம் பற்றி ஒரு சேர்க்கை. ஆரம்பத்தில் எல்லாம் ஒற்றைப் பெட்டி. ஒரு பெட்டியில் நூறு பேர் சொச்சம்தான் கொள்ளும். ஆனால் நடைமேடையை முதலிலேயே இரண்டு பெட்டிக்கு நீளமாகக் கட்டி வைத்திருந்தார்கள். அதனால்தான் 2016இல் இரண்டு பெட்டி ரயில்களைச் சேர்த்து ஓட்ட முடிந்தது, ஒரு நிலையத்தையும் இடிக்கவில்லை. நிலப் போக்குவரத்து ஆணையம் அப்புறம் இன்னும் 25 இரண்டு பெட்டி ரயில்களுக்கு ஆர்டர் கொடுத்தது. பணிமனையையும் பெரிதாக்குகிறார்கள். வரிப்பணம் சார், தூணைக் குறைக்க முடியாது என்றீர்கள். நீளமான நடைமேடையும் அதே ரகச் செலவுதான். 2005இல் பார்த்தவர்கள் அதையும் வீண் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சரி, தேன்மொழியின் இரண்டாவது வீட்டுக்கு வருவோம். கடலூர் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை என்பதுதான் எனக்கு இடிக்கிறது. பொங்கோல் கிழக்கு வட்டத்தில் நிலையங்கள் அடுத்தடுத்து நெருக்கமாக இருக்கின்றன. ஒரு நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பெரும்பாலும் அடுத்த நிலையத்தையே தொட்டுவிடலாம். அந்த வீடு எந்தப் பக்கம் இருக்கிறது, ரிவியராவை நோக்கியா, ஓயசிஸை நோக்கியா?


தேன்மொழி_72
புதன், மதியம் 1.10

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இப்போதுதான் வரைபடத்தைப் பார்த்தேன். ஓயசிஸ் பக்கம்! முகவர் கடலூர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார், நானும் கேட்டுக்கொண்டேன். ஓயசிஸ் நிலையத்துக்கு நாலைந்து நிமிடம் என்று காட்டுகிறது.


கடலூர்வாசி
புதன், மதியம் 1.32

அட, அப்படியானால் பேச்சே இல்லை. ஓயசிஸ் டெரசஸ் கடைத்தொகுதி அந்த நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. பொங்கோல் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறது. சாப்பாட்டுக் கடை, பேரங்காடி, துணைப்பாட வகுப்பு எல்லாம் அங்கேதான். நான் கடலூரிலிருந்து மருந்து வாங்க அங்கேதான் போகிறேன்.

ஒரு காலத்தில் ஓயசிஸ் நிலையத்தைச் சுற்றி ஒன்றுமே இல்லை என்றால் இன்றைக்குக் குடிவருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். நிலையம் திறந்தது 2007, அந்த மையம் வந்தது 2018 வாக்கில்.


வரிப்பணம்
புதன், மதியம் 2.05

பாருங்கள், பதினோரு வருடம் கழித்து. நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். 🙂 முகவர் சொல்லும் ‘வளர்ச்சி வரும்’ என்பதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். இன்றைக்கு நிலையத்தின் காலடியில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் காசு கொடுங்கள். வரப்போவதாகச் சொல்வது வந்தால் லாபம்.

அந்த வகையில் ஓயசிஸ் பக்க வீட்டுக்கு என் ஓட்டு. எல்ஆர்டிக்கு ஆதரவாக ஓட்டுப் போடுவது இதுவே முதலும் கடைசியும்.


மணி_புக்கிட்பாஞ்சாங்
புதன், மாலை 5.40

வரிப்பணம் எல்ஆர்டிக்கு ஓட்டுப் போட்டுவிட்டார், 4D லாட்டரி வாங்க வேண்டியதுதான்.

தேன்மொழி, பதினோராவது மாடி என்பதால் சத்தமே வராது என்று நினைக்காதீர்கள். சத்தம் மேலேயும் ஏறும். பாதை வளைகிற இடம் அந்தப் புளோக்குக்கு எதிரே வருகிறதா என்று மட்டும் பாருங்கள். நேர்ப் பாதையில் சத்தம் கம்மி, வளைவில்தான் இழுத்துக்கொண்டு போகும்.


தேன்மொழி_72
புதன், இரவு 9.15

சனிக்கிழமை மாமியாரோடு ஓயசிஸில் இறங்கி நடந்து பார்க்கிறோம். ஒரே ஒரு கேள்வி பாக்கி. மாமியார் முஸ்தஃபா கடைப் பக்கம் அடிக்கடி போவார், ஃபேரர் பார்க் வரை. எல்ஆர்டிக்குத் தனிக் கட்டணம், எம்ஆர்டிக்குத் தனிக் கட்டணமா?


ரயில்_ரசிகன்
புதன், இரவு 9.31

இல்லை. ஓயசிஸில் அட்டையைத் தட்டி ஏறினால் ஃபேரர் பார்க்கில் தட்டி வெளியே வரும் வரைக்கும் மொத்த தூரத்துக்கு ஒரே கணக்கு. பொங்கோலில் வடகிழக்குப் பாதைக்கு மாறினால் நேராக ஃபேரர் பார்க், வேறு எங்கும் மாற வேண்டாம். பொங்கோலில் மின்தூக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதல் தடவையே பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்ஆர்டி மேலே, எம்ஆர்டி நிலத்தடியில், முட்டி வலிக்காரருக்கு மின்படியைவிட அதுதான் வசதி.